லேஅவுட் மனைக்குப் பின்னால் 110 கேவி லைன்: எவ்வளவு இடம் விடணும், யார் கணக்கில் விடணும்?

சூலூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். சூலூர்ப் பக்கம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கிய லேஅவுட் ஒன்றில் தம்பிக்காக மனை பார்த்திருக்கிறோம். 40-க்கு 60, வடக்குப் பார்த்தது, முன்னால் 30 அடி ரோடு. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் இருக்கிறது. விலை அக்கம்பக்கத்தை விடக் குறைவு. அதற்குக் காரணம் கண்ணுக்கே தெரிகிறது: பின்பக்கம் 110 கேவி (கிலோவோல்ட்) டவர் லைன் போகிறது. டவர் மூன்று மனை தள்ளி நிற்கிறது. லைனின் நடுக்கோடு எங்கள் பின் எல்லைக்கு வெளியே சுமார் 10 அடியில் வருகிறது. எங்கள் பக்கத்துக் கடைசிக் கம்பி கிட்டத்தட்ட காம்பவுண்டு வரும் இடத்துக்கு நேர் மேலே தொங்குகிறது.

"பின்னாடி 5 அடி விட்டுட்டு தாராளமா கட்டிக்குங்க, ஈபியில யாரும் கேக்க மாட்டாங்க" என்கிறார்கள் புரமோட்டர் ஆபீஸில். ஒப்பந்த வரைவில் லைனைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது. டோக்கன் அட்வான்ஸ் மட்டும்தான் கொடுத்திருக்கிறோம். 5 அடி போதுமா? அப்ரூவல் கொடுத்தவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஈபிக்காரர்

தம்பி, 5 அடி போதாது. அதை எழுத்தில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கொடுக்க மாட்டார்கள்.

இதில் இரண்டு அளவு இருக்கிறது, பலரும் அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பாதுகாப்பு இடைவெளி. கட்டடத்துக்கும் கம்பிக்கும் இடையே குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. 11 கேவிக்கு மேல் 33 கேவி வரை பக்கவாட்டில் 2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு 33 கேவிக்கும், மிச்சத் துண்டுக்கும் சேர்த்து, 0.3 மீட்டர் கூடும். 110 கேவிக்குக் கணக்குப் போட்டால் பக்கவாட்டில் 2.9 மீட்டர், மேலே 4.6 மீட்டர் வரும். வீட்டு வாசலில் போகிற 11 கேவி லைனுக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர் போதும். புரமோட்டர் சொல்லும் 5 அடி அந்தக் கணக்கில் வந்ததாக இருக்கலாம்.

இரண்டாவது, லைனுக்கான பாதை அகலம், அதாவது லைனுக்குக் கீழும் இரண்டு பக்கமும் கட்டடம் இல்லாமல் விட வேண்டிய பட்டை. 110 கேவிக்கு 22 மீட்டர் என்று வைப்பது வழக்கம். நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 11 மீட்டர், அதாவது 36 அடி. 230 கேவிக்கு 35 மீட்டர், 400 கேவிக்கு 46 மீட்டர்.

2.9 மீட்டர் போதுமென்றால் பாதை எதற்கு 22 மீட்டர்? அந்த 2.9 மீட்டரை நீங்கள் பார்க்கிற இடத்தில் தொங்கும் கம்பியிலிருந்து அளக்கக் கூடாது. பெருங்காற்றில் கம்பி எவ்வளவு தூரம் ஊசலாடுமோ, அந்தக் கடைசிப் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். டவர் அருகே ஆட்டம் குறைவு. இரண்டு டவருக்கும் நடுப்பகுதியில் ஆட்டமும் அதிகம், தொய்வும் அதிகம். சித்திரை வெயிலில் மத்தியானம் லோடு ஏறும்போது கம்பி சூடாகி இன்னும் இறங்கும். மார்கழிக் காலையில் போய் அண்ணாந்து பார்த்து "எவ்வளவோ உயரத்துல இருக்கே" என்று யாரும் முடிவு எடுக்க வேண்டாம்.

லைன் போட்ட பிறகு அதன் அருகில் கட்டடம் கட்டுகிறவர், கட்டுவதற்கு முன்பே மின்வாரியத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இதை யாருமே செய்வதில்லை. விபத்து நடந்த பிறகுதான் அந்த விதி எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

அளவுச்சங்கிலி

நான் லைசென்ஸ் சர்வேயர். ஐயா சொன்ன கணக்கை உங்கள் மனையில் வைத்துப் பார்க்கிறேன்.

நடுக்கோட்டிலிருந்து 36 அடி. அதில் 10 அடி உங்கள் எல்லைக்கு வெளியே போய்விடும். மீதி 26 அடி உங்கள் மனைக்குள். 60 அடி ஆழத்தில் 26 போனால் 34. முன்னால் 30 அடி ரோட்டுக்கு ஒன்றரை மீட்டர், அதாவது 5 அடி விட வேண்டும். ஆக வீடு உட்காருகிற ஆழம் 29 அடி. 2400 சதுர அடிக்குப் பணம் கொடுக்கிறீர்கள். அதில் 40-க்கு 26, 1040 சதுர அடியில் செடி வைக்கலாம், துணி காயப்போடலாம், அவ்வளவுதான். விலை எவ்வளவு குறைவாகச் சொல்கிறார்கள் என்பதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த கேள்வி, அப்ரூவல் கொடுத்தவர்கள் பார்த்திருப்பார்களா? பார்த்திருப்பார்கள். லைன் குறுக்கே போகிற இடம் என்றால் ஈபியிடம் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அப்ரூவல் ஆன படத்தில் பெரும்பாலும் லைனும் இரண்டு பக்கக் கோடுகளும் புள்ளிக்கோடாக வரையப்பட்டிருக்கும். சிக்கல் எங்கே என்றால், வாடிக்கையாளர் கையில் கொடுக்கிற கலர் பிரசுரத்தில் அந்தக் கோடு காணாமல் போய்விடுகிறது. பச்சை மரம், நீச்சல் குளம், குழந்தைகள் பூங்கா எல்லாம் இருக்கும், லைன் மட்டும் இருக்காது. அதனால் பிரசுரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, சீல் வைத்த படத்தின் நகலும், அப்ரூவல் ஆணையின் நிபந்தனைப் பக்கமும் கேளுங்கள். நிபந்தனைப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. ரெரா இணையதளத்திலும் அந்த லேஅவுட்டின் எண்ணைப் போட்டால் படம் கிடைக்கும்.

காளப்பட்டி வாசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எங்கள் லேஅவுட் பிரச்சினையும் இதே வகைதான் என்பதால் கேட்கிறேன். எங்களுக்கு டவர் லைன் இல்லை. ஆனால் டிரான்ஸ்பார்மரை ஒருவர் கேட்டுக்கு நேராக ரோட்டோரத்தில் வைத்திருக்கிறார்கள். காரை வளைக்க முடியவில்லை. கேட்டால் "வேற இடம் இல்ல" என்கிறார்கள். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு கேட்டு ஊராட்சிக்குப் போனால், ரோடே இன்னும் ஊராட்சி பெயருக்கு வரவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இதெல்லாம் புரமோட்டர் செய்து கொடுக்க வேண்டியதுதானே?

அளவுச்சங்கிலி

ஆமாம் சார், அவர் கடமைதான்.

நம் ஊரில் மின்சாரம், தண்ணீர், சாக்கடை, தொலைபேசி எல்லாமே ரோட்டில்தான் ஓடுகின்றன. மனைக்குள் எதுவும் ஓடுவதில்லை. அதனால் ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுப்பதுதான் இந்த ஏற்பாட்டுக்கே அஸ்திவாரம். முதலில் ரோடும் பூங்கா இடமும் மட்டும் காட்டும் ஸ்கெலிட்டன் பிளானுக்கு ஒப்புதல், அப்புறம் தானப் பத்திரம், அதற்குப் பிறகுதான் இறுதி அப்ரூவல் என்பது நடைமுறை. ரோடு எங்கள் பெயருக்கு வரவில்லை என்று ஊராட்சி சொன்னால், அந்தப் பத்திரம் பதிவானதா, பதிவான பின் வருவாய்க் கணக்கில் மாறியதா என்று பார்க்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் தானப் பத்திரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

டிரான்ஸ்பார்மருக்கும் இடம் உண்டு. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், பூங்காவுக்கான 10 சதவீதம் போக, ரோடு நீங்கலான பரப்பில் 1 சதவீதம் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறது. அதில் பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. படத்தில் பொதுப் பயன்பாடு 1, பொதுப் பயன்பாடு 2 என்று சின்னச் சின்னத் துண்டாகப் போட்டிருக்கும். உங்கள் லேஅவுட் அதற்குப் பிந்தியது என்றால் அந்தத் துண்டு இப்போது யார் கையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். காய்கறிப் பந்தல் போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் விற்பனை அலுவலகம் நிற்கும்.

கொங்கு வக்கீல்

சூலூர்க்காரருக்கு: வில்லங்கச் சான்று சுத்தம் என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். உங்கள் நிலத்தின் மேல் லைனுக்கு இருக்கும் உரிமை அதில் வராது.

ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவருக்கு இருக்கும் பயன்பாட்டு உரிமை இரண்டு வழியில் வரும். 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டப்படி வருவது ஒன்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர் உங்கள் நிலம் வழியாக 20 வருஷம் தடையில்லாமல், உரிமையாக வாய்க்கால் தண்ணீர் கொண்டுபோயிருந்தால் அது அவருடைய பாத்தியதை ஆகிவிடும். இதற்குப் பத்திரமே வேண்டாம். இரண்டாவது வழி, சட்டமே நேரடியாக ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் அதிகாரம். டவர் லைன் இந்த வகை. 2003 மின்சாரச் சட்டம் 164-ஆம் பிரிவின் கீழ், பழைய 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின் தொடரமைப்பு நிறுவனத்துக்குக் கொடுத்து, அதன்படி லைன் இழுக்கிறார்கள். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், அவர்களுக்குப் பயன்பாட்டு உரிமை மட்டும். பத்திரம் கிடையாது என்பதால் சார்பதிவாளர் கணக்கில் ஏறாது.

ஒரு முக்கியமான விஷயம். சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, சொத்தில் இருக்கும் பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் எந்தக் குறை? வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத குறை. தலைக்கு மேலே தொங்குகிற டவர் லைனை "நான் பார்க்கவில்லை" என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. அதனால் பின்னால் வழக்குப் போட்டு மீளலாம் என்ற எண்ணமே வேண்டாம். இப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

5 அடி போதும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். ரெரா சட்டம் 12-ஆம் பிரிவு, பொய்யான விளம்பரத்தையோ தகவலையோ நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது. வாய்ப்பேச்சை நிரூபிக்க முடியாது, எழுத்தை நிரூபிக்கலாம்.

நாமக்கல் விவசாயி

வக்கீல் சார் சொன்னது டவருக்கு. மண்ணுக்கு அடியில் போகிற குழாயை எப்படிக் கண்டுபிடிப்பது? மேற்கு மாவட்டங்களில் மனை வாங்குகிற யாரும் இதைக் கேட்க வேண்டும்.

எரிவாயு, பெட்ரோல் குழாய்களுக்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. மத்திய அரசிதழில் அறிவிப்பு வரும், 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும், அப்புறம் பயன்பாட்டு உரிமை அவர்களுக்குப் போய்விடும். அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. சட்டம் சொல்லும் இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். நிலத்தின் பெயர் மட்டும் நம்மிடம் இருக்கும்.

கொச்சியிலிருந்து வரும் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாயை எதிர்த்து கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டம் போராடியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 310 கிலோமீட்டர், 20 மீட்டர் அகலம். விளைநிலத்தை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்று 2013-இல் தமிழக அரசு உத்தரவு போட்டது. உயர் நீதிமன்றம் அதே வருஷம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அரசின் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. அப்போது விவசாயி கேட்டது ஒரே கேள்விதான்: 20 மீட்டர் பட்டை குறுக்கே போனால் 2 ஏக்கர் வைத்திருப்பவனிடம் மிச்சம் என்ன இருக்கும்?

இன்றைக்குக் காடு (விளைநிலம்) வைத்திருப்பவர் நாளைக்கு விற்பார், அது லேஅவுட் ஆகும். நிலத்தில் மஞ்சள் எச்சரிக்கைக் கம்பமோ எல்லைக்கல்லோ நிற்கிறதா என்று ஒரு பர்லாங்கு முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். குழாய் நேராகத்தான் போகும். இரண்டு பக்கத்துக் காட்டிலும் கம்பம் நின்று நடுவில் உங்கள் மனையில் மட்டும் இல்லை என்றால் யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.

மனை வணிகம்

நான் இதே தொழிலில் இருப்பவன். எல்லோரும் புரமோட்டரையே அடிக்கிறீர்கள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

3 ஏக்கர் பூமிக்குக் குறுக்கே 100 மீட்டர் நீளத்துக்கு 110 கேவி லைன் போகிறது என்று வையுங்கள். 22 மீட்டர் அகலம் என்றால் 2200 சதுர மீட்டர், 54 செண்ட். அதை விட்டு, ரோடு விட்டு, பூங்காவுக்கு 10 சதவீதம் விட்டு, பொதுப் பயன்பாட்டுக்கு விட்டு, மிச்சத்தை என்ன விலைக்கு விற்பது? லைன் போட்டபோது எங்களுக்கு யாரும் இழப்பீடு தரவில்லை. எங்களுக்கு நிலம் விற்ற விவசாயிக்கே பயிர் நஷ்டம் தவிர ஒன்றும் கிடைத்திருக்காது. அதனால்தான் பட்டையை மனைக்குள் சேர்த்து, அந்த மனைக்கு விலை குறைத்துக் கொடுக்கிறோம். வாங்குபவருக்குத் தோட்டம் கிடைக்கிறது, எங்களுக்கும் நஷ்டம் குறைகிறது. சொல்லிவிட்டு விற்றால் இதில் என்ன தப்பு?

கொங்கு வக்கீல்

இழப்பீடு பற்றி நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. 2015-இல்தான் மத்திய மின் அமைச்சகம் டவர் அடிநிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. 2024-இல் அதை டவர் அடிக்கு 200, பாதைக்கு 30 சதவீதமாக உயர்த்தினார்கள். பழைய லைனுக்கு இது உதவாது என்பதும் உண்மை. அந்தச் சுமை விவசாயி தலையில் விழுந்தது அநியாயம். அதை மனை வாங்கும் குடும்பத்தின் தலைக்கு மாற்றினாலும் அது அநியாயம்தான்.

"சொல்லிவிட்டு விற்றால்" என்று சொன்னீர்கள். மேலே சூலூர்க்காரர் காட்டிய வரைவில் ஒரு வரி கூட இல்லையே?

பழைய ஈபிக்காரர்

பட்டையை மனைக்குள் சேர்ப்பதில் இன்னொரு சங்கடம். முதலில் வாங்கியவர் தோட்டம் போடுவார். அவர் பத்து வருஷம் கழித்து விற்பார். அடுத்து வருபவர் தகரக் கொட்டகை போடுவார், அப்புறம் மாடி. கம்பி அறுந்து மாற்றப் போனால் எங்கள் ஆட்களுக்குப் பாதை இருக்காது, வரிசையாகக் காம்பவுண்டு சுவர். நான் வேலையில் இருந்தபோது கம்பி இழுக்கும் வண்டியைக் கொண்டுபோக வழியில்லாமல், வீட்டுக்காரர்களிடம் கெஞ்சி ஒவ்வொரு கேட்டாகத் திறந்து உள்ளே போயிருக்கிறோம். அந்த நேரம் முழுக்க ஊருக்குக் கரண்ட் இல்லை.

அளவுச்சங்கிலி

மனை வணிகம் சார், 54 செண்டும் நஷ்டம் என்ற கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்களுக்கு எப்படியும் ரோடு போட வேண்டும். லைனுக்குக் கீழேயே பிரதான ரோட்டைப் போடுங்கள். 22 மீட்டரில் 12 மீட்டர் ரோடாகவே போய்விடும், அதை எப்படியும் விடப்போகிறீர்கள். மீதி இரண்டு பக்கமும் 5 மீட்டர்ப் பட்டை. மழைநீர் வடிகால், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதில் போகட்டும். உயரமாக வளராத செடி வைக்கலாம். மனைகள் பட்டைக்கு வெளியே தொடங்கும், எல்லா மனைக்கும் முழு விலை கேட்கலாம். படம் வரையும் முதல் நாளிலேயே லைனை வைத்துத் தொடங்கினால் இது வரும். மனைகளை வெட்டிவிட்டுக் கடைசியில் லைனை ஒட்டவைத்தால் வராது.

பூங்காவை லைனுக்குக் கீழே தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகள் பட்டம் விடுகிற இடம் அது. என்னிடம் வந்தால் அப்படி வரைந்து கொடுக்க மாட்டேன்.

ஹூஸ்டன் தமிழச்சி

இங்கே டெக்சாஸில் எப்படி என்று சொன்னால் உதவுமா தெரியவில்லை. எங்கள் சப்டிவிஷனில் (நம் ஊர் லேஅவுட் மாதிரி) மின்சாரம், கேபிள் எல்லாம் வீட்டுப் பின்பக்கம் போகிறது. எங்கள் மனையில் 8 அடி, பின்வீட்டுக்காரர் மனையில் 8 அடி. அது மனைக்குள்தான் இருக்கிறது, ஆனால் கவுண்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) பதிவான படத்திலேயே புள்ளிக்கோடு போட்டு அகலம் எழுதியிருக்கிறது. வீடு வாங்கும்போது, சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி கொடுக்கும் அறிக்கையில் இந்த ஈஸ்மெண்ட்கள் ஒரு பட்டியலாக வரும். வேலி போட்டுக்கொள்ளலாம், வேலைக்கு வந்தால் பிரிப்பார்கள். நீச்சல் குளமோ அறையோ அந்த 8 அடிக்குள் போகக் கூடாது. மனைக்குள் பட்டை இருப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன் அண்ணா. அது பதிவான காகிதத்தில் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். 40 வருஷம் கழித்து மூன்றாவது ஆள் வாங்கினாலும் அவர் கண்ணில் படும்.

சூலூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. அப்ரூவல் படத்தின் நகலை ரெரா இணையதளத்திலிருந்து எடுத்தோம். அளவுச்சங்கிலி சார் சொன்ன மாதிரியே எங்கள் மனை உட்பட வரிசையாக ஏழு மனைகளில் புள்ளிக்கோடு போகிறது. "மின்பாதைக்குக் கீழ் கட்டுமானம் கூடாது" என்று நிபந்தனையிலும் இருக்கிறது. படத்தோடு போய்க் கேட்டோம். "அதெல்லாம் எல்லா லேஅவுட்லயும் இருக்கும்ங்க" என்று ஆரம்பித்து, கடைசியில் 1040 சதுர அடிக்குப் பாதி விலை போட்டுக்கொள்ளலாம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறார்கள். தம்பிக்கு மனை பிடித்திருக்கிறது, 29 அடி ஆழத்தில் வீடு கட்டிக்கொள்ளலாம் என்கிறான். வாங்குவது என்றால் பத்திரத்தில் என்ன எழுதச் சொல்வது?

கொங்கு வக்கீல்

சொத்து விவரத்தில் மொத்த அளவு 2400 என்று எழுதிய கையோடு, "இதில் தென்புறம் 40-க்கு 26 அடி உயரழுத்த மின்பாதைப் பட்டைக்கு உட்பட்டது, கட்டுமானம் கூடாதது" என்று அளவோடு எழுதச் சொல்லுங்கள். அப்ரூவல் படத்தின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, படத்தின் நகலைப் பத்திரத்தோடு இணையுங்கள். நாளைக்கு உங்கள் தம்பி விற்கும்போது அவரும் யாரையும் ஏமாற்றியவர் ஆக மாட்டார். பாதி விலை என்பதைக் கால் விலையாகக் கேட்டுப் பாருங்கள்.

பழைய ஈபிக்காரர்

கையெழுத்துப் போடும் முன் 26 அடியை நீங்களே டேப் பிடித்த கணக்கில் விடாதீர்கள். ஏரியா செக்‌ஷன் ஆபீஸுக்குப் போனால் அங்கே பதில் கிடைக்காது, அவர்கள் பார்ப்பது 11 கேவியும் வீட்டு லைனும்தான். 110 கேவி, தொடரமைப்புக் கழகத்தின் லைன் பிரிவைச் சேர்ந்தது. டவரின் காலில் ஒரு தகடு அடித்திருக்கும். அதில் லைன் பெயரும் டவர் எண்ணும் இருக்கும், எந்தத் துணைமின் நிலையத்திலிருந்து எங்கே போகிறது என்பது அதிலேயே தெரியும். போட்டோ எடுத்துக்கொண்டு, மனைப் படத்தோடு அந்தப் பிரிவின் உதவி செயற்பொறியாளருக்கு மனு கொடுங்கள். இடத்தை வந்து பார்த்து, எந்த அளவுக்குள் கட்டக் கூடாது என்று எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். லைனையே மாற்றித் தரச் சொல்லவும் மனு போடலாம், ஆனால் செலவு முழுக்க உங்கள் தலையில் வரும். ஒரு மனைக்காக அது கட்டுப்படியாகாது. ஏழு மனைக்காரர்களும் புரமோட்டரும் சேர்ந்தால் மட்டும் யோசியுங்கள்.

சூலூர்க்காரன்

தகட்டைப் போட்டோ எடுத்துவிட்டோம் ஐயா. திங்கட்கிழமை மனுவோடு போகிறோம். மற்ற ஆறு மனைகளில் நான்கை ஏற்கெனவே விற்றுவிட்டார்கள் என்று தெரிந்தது. வாங்கியவர்களைத் தேடிப்பிடித்து இந்தப் படத்தின் நகலை அவர்களுக்கும் கொடுக்கப் போகிறோம்.